இடது முழங்காலுக்கு அடியில்

அல்பேனிய மொழியைக் கற்க வேண்டிய அவசியம் ஆவடியில் யாருக்கும் இருந்ததில்லை. எனக்கும் இல்லை. ஆனாலும் என் நல்ல வயதில் பெரும்பகுதியை அதற்குக் கொடுத்தேன். கூடவே இன்னொருவன் வாழ்க்கையிலிருந்தும் ஒரு பகுதியை, அவனைக் கேட்காமல், எடுத்துக் கொடுத்துவிட்டேன். முதலாவதைப் பற்றி எனக்கு வருத்தமில்லை. இரண்டாவதைத்தான் எழுத வேண்டும். எழுத உட்காரும்போதெல்லாம் இலக்கணத்தைப் பற்றி நாலு பக்கம் எழுதிவிட்டு எழுந்துவிடுகிறேன். இந்த முறை அப்படி நடக்காமல் பார்த்துக்கொள்கிறேன்.

எண்பதுகளில் நான் ஆவடியில் ஒரு பாதுகாப்புத் தொழிற்சாலையில் மொழிபெயர்ப்பாளன். ருஷ்ய மொழியில் வரும் தொழில்நுட்பக் காகிதங்களை ஆங்கிலத்தில் தருவது வேலை. திருகாணி, வார்ப்பு, வெப்பப் பதம் என்று அதே இருநூறு முந்நூறு சொற்கள்தாம் திரும்பத் திரும்ப வரும். முதுகலை படித்துவிட்டு வந்தவன் நான். ஒரு மொழியைக் கற்று அதில் திருகாணியை மட்டுமே பேசிக்கொண்டிருப்பது எவ்வளவு எரிச்சலான காரியம் என்பது அனுபவித்தால்தான் தெரியும். குவார்ட்டர்ஸில் குடியிருப்பு. மனைவி, ஒரு மகள். மாலை ஐந்து மணிக்குச் சங்கு ஊதினால் அதற்குமேல் செய்ய ஒன்றுமில்லை.

அதனால் ஒரு ரேடியோ வாங்கினேன். மூர் மார்க்கெட்டில் பழைய ரேடியோ ஒன்று, சிற்றலை நன்றாக எடுக்கும் என்று கடைக்காரன் சத்தியம் செய்தான். அதை மடியில் வைத்துக்கொண்டு ரயிலில் வந்தபோது எதிரே உட்கார்ந்திருந்த இளைஞன் என் முகத்தைப் பார்க்கவே இல்லை, ரேடியோவையே பார்த்துக்கொண்டு வந்தான். வில்லிவாக்கம் தாண்டியதும் கேட்டான்.

“இன்னா சார், எத்தினி பேண்டு?”

சொன்னேன்.

“ஏரியல் கீதா?”

“வீட்டுல கட்டணும்.”

“குவார்ட்டர்ஸா? கட்ட உட மாட்டாங்க சார். எங்க மாமா ஒர்த்தரு டிவிக்கு கட்டனதுக்கே நோட்டீசு ஒட்னாங்க.”

அவன் சொன்னபடியே நடந்தது. மொட்டை மாடியில் செப்புக் கம்பி இழுத்துக் கட்டிய இரண்டாம் நாளே எஸ்டேட் ஆபீசிலிருந்து ஆள் வந்து அவிழ்க்கச் சொன்னார். பாதுகாப்பு வளாகத்தில் இவ்வளவு நீளத்துக்கு ஏரியல் எதற்கு என்று கேட்டார். உலகச் செய்தி கேட்க என்றேன். டிவியில் வருகிறதே என்றார். நான் கம்பியைச் சுருட்டிக்கொண்டு இறங்கினேன்.

அந்த இளைஞன் திருமுல்லைவாயில்காரன். அவன் குடும்பம் அங்கேயே தலைமுறைகளாக விவசாயம் செய்தது. நிலமெல்லாம் மனைகளாகி, வீட்டைச் சுற்றிக் கொஞ்சம் தோட்டமும் நாலு தென்னையும் மிஞ்சியிருந்தன. ஐ.டி.ஐ.யில் டர்னர் படித்துவிட்டு பாடியில் ஒரு தொழிற்சாலையில் டெம்பரரியாக இருந்தான். அவ்வப்போது நிறுத்துவார்கள், பிறகு மறுபடி கூப்பிடுவார்கள். ஸ்டேஷனில் மறுபடி பார்த்தபோது என் புலம்பலைக் கேட்டு, “இதுக்கா சார் மூஞ்சிய தூக்கி வெச்சிகினுகீற? நம்ம ஊட்டாண்ட தென்ன மரம் எதுக்கு கீது?” என்றான். அடுத்த ஞாயிற்றுக்கிழமை கம்பியோடு அவனே மரம் ஏறினான். என் ரேடியோ அவன் வீட்டுக்குக் குடிபோனது. நான் தினமும் மாலையில் சைக்கிளில் போய்க் கேட்டுவிட்டு வருவேன். “சார்” என்பது சில மாதங்களில் “அண்ணாத்தே” ஆனது.

அல்பேனியாவை நான் தேடிப் போகவில்லை. முள்ளைத் திருப்பிக்கொண்டிருந்தபோது அதுதான் சிக்கியது. ஒரு முழக்கமான இசை, பிறகு டிரானா நகரிலிருந்து ஆங்கிலச் செய்தி. செய்தி முழுக்க ருஷ்யாவைத் திட்டினார்கள், அமெரிக்காவைத் திட்டினார்கள், பக்கத்து நாடான யுகோஸ்லாவியாவையும் திட்டினார்கள். நாளெல்லாம் ருஷ்ய மொழியோடு மல்லுக்கட்டிவிட்டு வந்த எனக்கு அதில் ஒரு திருப்தி இருந்ததை மறைப்பானேன். ஆங்கிலம் முடிந்ததும் அவர்கள் மொழியிலேயே ஒருத்தி பேசினாள். அப்போதுதான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். அவளுடைய பேச்சில் இரண்டு ‘ர’ இருந்தன. ஒன்று மெல்லியது, ஒன்று அழுத்தமானது. நம்முடைய ரகரமும் றகரமும் போல. அதேபோல இரண்டு ‘ல’. நாமே எழுத்தில் மட்டும் வைத்துக்கொண்டு வாயில் தொலைத்துவிட்ட வேற்றுமையை அந்த மலைநாட்டுக்காரி செய்தி வாசிக்கும்போதுகூடத் தவறவிடவில்லை.

அன்று பிடித்தது. விடவில்லை.

எரிச்சல்களுக்குக் குறைவில்லை. செய்தி தெளிவாக வரும் நேரத்தில் பக்கத்துத் தெருவில் வெல்டிங் வைப்பான், காதில் கரகரவென்று மணல் கொட்டும். மழைக்காலத்தில் கம்பி அறுந்துபோகும். அகராதி இல்லை. கேட்டுத் தெரிந்துகொள்ள ஊரில் ஆளில்லை. ஒரு சொல்லைக் கேட்டு எழுதி வைத்தால், அடுத்த வாரம் அதே சொல் வேறு வாலோடு வரும். அந்த வால்தான் இலக்கணம் என்று புரிவதற்கே மாதக்கணக்கில் ஆனது. ‘மல்’ என்றால் மலை. குறிப்பிட்ட அந்த மலை என்றால் ‘மலி’. ஆங்கிலக்காரன் சொல்லுக்கு முன்னால் வைப்பதை இவர்கள் பின்னால் ஒட்டுகிறார்கள்.

“மல்லுன்னா மலையா? அப்ப அது நம்ம பாசதான் அண்ணாத்தே.”

“இல்லப்பா. தற்செயலா ஒத்துப்போகுது, அவ்வளவுதான்.”

“நீ எப்பவும் ஒத்துக்க மாட்ட. சரி, ஆமான்றதுக்கு இன்னா சொல்வாங்க?”

“போ.”

“இல்லன்றதுக்கு?”

“யோ.”

அவன் விழுந்து விழுந்து சிரித்தான். அன்று முழுவதும் நான் எது சொன்னாலும் “போ, போ” என்றுகொண்டிருந்தான். இன்னொன்றும் சொன்னேன். அங்கே ஆமாம் என்பதற்குத் தலையை இடமும் வலமும் ஆட்டுவார்கள், இல்லை என்பதற்கு மேல்நோக்கி வெட்டுவார்கள்.

“அப்ப நம்மாளுங்க அங்க போனா பொழச்சிக்குவாங்க. நம்ம எல்லாத்துக்கும் இப்டிதான ஆட்டினுகீறோம்” என்று ஆட்டிக் காட்டினான்.

அந்த மக்கள் தங்கள் மொழியை ‘அல்பேனியம்’ என்று சொல்வதே இல்லை, ‘ஷ்சிப்’ என்கிறார்கள். வடக்கே ஒரு பேச்சு, தெற்கே ஒரு பேச்சு, நடுவில் ஓர் ஆறு. பல நூற்றாண்டு அந்நிய ஆட்சியில் இருந்தும் மொழியை விடவில்லை. எந்த எழுத்தில் எழுதுவது என்று இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான் ஒரு முடிவுக்கு வந்தார்கள். வினைச்சொல்லில் ஒரு தனி வடிவம் வைத்திருக்கிறார்கள், வியப்புக்காக. ‘நீ இங்கே இருக்கிறாய்’ என்பது ஒரு வடிவம். ‘அட, நீ இங்கேயா இருக்கே!’ என்பதற்கு வினையே உருமாறிவிடும். கேள்விப்பட்டதை, நம்பாததைச் சொல்லவும் அதே வடிவம். ஆங்கிலத்தில் இதை விளக்க ஒரு பத்தி வேண்டும். தமிழில் ‘வந்தானாம்’ என்று ஓர் ‘ஆம்’ போட்டால் பாதி முடிந்தது. இதையெல்லாம் தமிழில் ஒரு அறிமுக நூலாக எழுதிவிட வேண்டும் என்ற வெறி எனக்கு அப்போதே வந்துவிட்டது.

மீண்டும் இலக்கணத்துக்குப் போய்விட்டேன்.

வானொலிக்காரர்கள் எழுதிக் கேட்டால் இலக்கண நூல், பத்திரிகை, படங்கள் எல்லாம் இலவசமாக அனுப்புவதாகச் சொன்னார்கள். எழுதலாம். ஆனால் எந்த விலாசத்திலிருந்து? ருஷ்யக் காகிதங்களைக் கையாளும் பாதுகாப்புத் துறை ஊழியன். ருஷ்யாவுக்கு ஆகாத ஒரு கம்யூனிஸ்ட் நாட்டிலிருந்து அவனுக்குப் பொட்டலம் வந்தால் என்ன ஆகும்? வெளிநாட்டுக் கடிதத் தொடர்பு இருந்தால் முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும் என்று விதி இருந்தது. தெரிவித்திருக்கலாம். அனுமதி கிடைக்காது என்று நானே முடிவு செய்துகொண்டேன்.

அந்தச் சமயத்தில்தான் நகரத்தின் பழைய நூலகத்தில் கிடைத்த பயண நூல்களிலிருந்து ‘பெசா’ பற்றிப் படித்திருந்தேன். வடக்கு மலைப்பகுதியில் காலங்காலமாக இருந்த வழக்கம். கொடுத்த வாக்கு என்று சொல்லலாம், ஆனால் அது போதாது. வாக்கு, நம்பிக்கை, அடைக்கலம் மூன்றும் சேர்ந்தது. என் வீட்டு வாசலை மிதித்தவன் என் பெசாவில் இருக்கிறான் என்றால், அவன் என் பகைவனாக இருந்தாலும் அவன்மேல் துரும்பு படாமல் காக்க வேண்டியது நான். இதை நான் உணர்ச்சிவசப்பட்டு அவனுக்கு விளக்கினேன். அவன் தென்னை ஓலையைக் கிழித்து ஈர்க்கு எடுத்துக்கொண்டே கேட்டான்.

“உயிரே போனாலும் காப்பாத்துவாங்களா?”

“ஆமா.”

“நம்மூர்ல ஓட்டு கேக்கறப்ப வாக்கு குடுக்கறதோட சரி.”

அதே மூச்சில் நான் கேட்டேன். “உன் பேருக்கு, உன் விலாசத்துக்கு அந்தப் புஸ்தகங்களை வரவழைக்கலாமா? எனக்கு வந்தா ஆபீசுல ஆயிரம் கேள்வி.”

“என் பேருக்கா? வெளிநாட்லேர்ந்தா?” அவனுக்கு முகம் மலர்ந்தது. “வரட்டுமே அண்ணாத்தே. போஸ்ட்மேன் நம்மள பாத்து சலாம் வெப்பான்.”

“ஏதாவது விசாரணைன்னு வந்தா நான் வந்து சொல்றேன், எல்லாம் எனக்குன்னு.”

“பெசாவா?”

“பெசா.”

அவன் ஈர்க்கைக் கீழே போட்டுவிட்டுக் கையை நீட்டினான். “நானும் குட்த்துட்டேன். உன் பேர நானா எட்த்து சொல்ல மாட்டேன். போதுமா?”

நூல்கள் வந்தன. தடித்த பழுப்புக் காகிதம், தலைவர் படம் போட்ட தபால்தலைகள். இலக்கண நூலில் முதல் இருபது பக்கம் கட்சியைப் பற்றி, அதன் பிறகுதான் பெயர்ச்சொல். இரண்டு ஆண்டுகள் இப்படி வந்துகொண்டிருந்தன. அவன் பெயரை ஆங்கிலத்தில் தட்டச்சு செய்து ஒட்டிய பொட்டலங்களை அவன் பிரிக்கமாட்டான்; உறையை மட்டும் கேட்டு வாங்கி வைத்துக்கொள்வான்.

அப்போது எங்கள் தொழிற்சாலையில் டர்னர் வேலைக்கு ஆள் எடுத்தார்கள். அவனுக்கு முதலில் சொன்னவனே நான்தான். எம்ப்ளாய்மெண்ட் ஆபீசிலிருந்து கார்டு வந்தது. டிரேட் டெஸ்டில் முதல் சிலரில் ஒருவனாகத் தேறினான். டெம்பரரி வாழ்க்கைக்கு முடிவு, குவார்ட்டர்ஸ், பென்ஷன். அவன் வீட்டில் பெண் பார்க்கத் தொடங்கினார்கள். பாக்கி இருந்தது போலீஸ் வெரிஃபிகேஷன் மட்டும்.

மஃப்டியில் வந்தவர் முதலில் டீக்கடையில் விசாரித்திருக்கிறார், பிறகு தபால்காரரை. தபால்காரர் சலாம் வைக்கும் ஆளாகத்தான் இருந்தார். பெருமையாகவே சொல்லிவிட்டார், வெளிநாட்டிலிருந்து மாதா மாதம் வருகிறது என்று. அன்று மாலை நான் போனபோது அவன் அதைச் சிரித்துக்கொண்டேதான் சொன்னான்.

“‘யார்ரா உனக்கு அங்க தோஸ்து’ன்னு கேட்டாரு. நானே எழ்திப் போட்டேன் சார், பாச கத்துக்க ஆசன்னேன். ‘எங்க, பேசிக் காட்டு’ன்றாரு. போ, யோ, மிரதிதா, அவ்ளோதான் எனக்குத் தெரியும். மிரதிதான்னா இன்னான்னாரு. வணக்கம் சார்ன்னேன். மொறைச்சிகினே எழ்திகினாரு.”

பிறகு சிரிப்பு நின்றது.

“நீ வந்து ஒரு வார்த்த சொல்லிடு அண்ணாத்தே. உன் பேர நான் சொல்லல.”

“நாளைக்கே சொல்றேன்” என்றேன்.

மறுநாள் செக்யூரிட்டி பிரிவுக்குப் போனேன். வாசலில் ஒரு பெஞ்ச் இருந்தது. அதில் உட்கார்ந்தேன். உள்ளே போய் என்ன சொல்ல வேண்டும் என்பது எனக்கு மனப்பாடமாக இருந்தது. அந்த வருடம் எனக்குப் பதவி உயர்வு வர வேண்டியிருந்தது. வீட்டைக் காலி செய்யச் சொன்னால் மகளின் பள்ளிக்கூடம் என்ன ஆகும் என்று நினைத்தேன். அனுமதி வாங்காத குற்றம் ஒன்று, வேறொருவன் பெயரில் வரவழைத்த குற்றம் இன்னொன்று. அப்போது எங்கள் பிரிவுத் தலைவர் அந்தப் பக்கமாக வந்தார். “என்ன சார், இங்க உட்கார்ந்திருக்கீங்க?”

“பாஸ் புதுப்பிக்கணும்” என்றேன்.

“அது அந்தக் கட்டடத்துக்கு மாறிப் போச்சே” என்று கையை நீட்டிக் காட்டினார். நான் எழுந்து அவர் காட்டிய திசையில் நடந்தேன். புதுப்பிக்க வேண்டாத பாஸைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு அந்தக் கட்டடம் வரை போய்த் திரும்பினேன். அவ்வளவுதான் நான் செய்தது. யாரும் என்னை மிரட்டவில்லை, தடுக்கவில்லை.

அதன் பிறகு சில நாட்கள் திருமுல்லைவாயில் பக்கம் போகவில்லை. ஜுரம் என்று சொல்லியனுப்பினேன்.

வேலைக்குத் தகுதியில்லை என்று அவனுக்கு ஒரு வரியில் பதில் வந்தது. காரணம் எழுதவில்லை. அவன் குவார்ட்டர்ஸ் கேட்டுக்கு வந்து என்னைக் கூப்பிடச் சொன்னான். உள்ளே விடமாட்டார்கள். நான் வெளியே வந்தபோது சைக்கிளைப் பிடித்தபடி நின்றிருந்தான்.

“சொன்னியா சார்?”

அந்தச் ‘சார்’ என் காதில் விழுந்தது.

“சந்தர்ப்பம் கிடைக்கல” என்றேன். “இப்பவும் ஒண்ணும் கெட்டுப்போகல, நான் போய்…”

“உடு சார்.”

சைக்கிளைத் திருப்பிக்கொண்டு போய்விட்டான். அடுத்த ஞாயிற்றுக்கிழமை என் ரேடியோ, புத்தகங்கள், சுருட்டிய ஏரியல் கம்பி எல்லாவற்றையும் ஒரு துண்டில் மூட்டையாகக் கட்டி கேட் காவலரிடம் கொடுத்துவிட்டுப் போயிருந்தான். துண்டு துவைத்துச் சுத்தமாக இருந்தது. என் மனைவி, “அந்தத் தம்பி ஏன் உள்ள வரல?” என்று கேட்டாள். விடமாட்டார்கள் என்றேன். அதுவும் உண்மைதான்.

எனக்குப் பதவி உயர்வு வந்தது.

பின்னர் அந்த நாடே கவிழ்ந்தது. தலைவரின் சிலையை மக்கள் கயிறு கட்டி இழுத்ததையும், கப்பல் கொள்ளாமல் ஏறித் தப்பி ஓடியதையும் டிவியில் காட்டினார்கள். அந்தப் பக்கம் ருஷ்யாவும் சிதறியது. நான் பயந்த எதுவும் மிச்சமில்லை. அதன் பிறகு, தொண்ணூறுகளில், ஒருநாள் செக்யூரிட்டி பிரிவுக்குள் நிஜமாகவே போனேன். புதிய அதிகாரி, வயதில் இளையவர். எல்லாவற்றையும் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “இதை ஏன் சார் இப்ப சொல்றீங்க?” என்றார்.

“அவருக்கு அந்த வேலை கிடைச்சிருக்கணும்.”

“அவர் ஏன் செலக்ட் ஆகலைன்னு நான் சொல்ல முடியாது. சொன்னாலும் இப்ப வயசு வரம்பு தாண்டியிருக்கும். நீங்க ரிட்டயர் ஆகப் போறவர், ஏன் வீணா மனசைப் போட்டுக் குழப்பிக்கிறீங்க? டீ சாப்பிடுங்க.”

டீ குடித்துவிட்டு வந்தேன். ஒரு தண்டனையாவது கொடுத்திருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். அதற்கும் வழியில்லாமல் போனது.

அறிமுக நூலை மட்டும் எழுதி முடித்திருந்தேன். அதை அச்சேற்றப் பட்டபாடு தனி. தி.நகரில் ஒரு பதிப்பாளர் புரட்டிப் பார்த்துவிட்டு, “யார் சார் வாங்குவா?” என்றார். இன்னொருவர் ‘மல் – மலை’ என்ற வரியைப் பார்த்ததும் உற்சாகமாகி, “தமிழிலிருந்து பிறந்த மொழின்னு ஒரு அத்தியாயம் சேருங்க, நாளைக்கே போடறேன்” என்றார். அப்படியில்லை என்றேன். “இல்லைன்னு மட்டும் நிரூபிக்க முடியுமா உங்களால?” என்று கோபித்துக்கொண்டார். கடைசியில் மண்ணூர்பேட்டையில் கல்யாணப் பத்திரிகையும் கம்பெனி ரசீதுகளும் அடிக்கும் ஒரு அச்சகத்தில் என் செலவில் போட்டேன். அச்சுக்கோப்பவர் தினமும் என்னோடு சண்டை.

“இன்னா சார் எழுத்து இது, மேல ரெண்டு ஈ உக்காந்துகினு கீது?”

“அது அந்த மொழியில ஒரு உயிரெழுத்துப்பா.”

“எங்கிட்ட ஈ இல்ல சார். பேனாலதான் வெக்கணும்.”

ஒவ்வொரு பிரதியிலும் அந்த இரட்டைப் புள்ளியைப் பேனாவால்தான் வைத்தேன். அதில் ‘பெசா’ பற்றி ஓர் அத்தியாயம் உண்டு. எழுதாமல் விட்டால் நூல் முழுமையாகாது. எழுதினால் எழுதுபவன் யார் என்று எனக்குத் தெரியும். எழுதினேன். தன் பெசாவை நம்பியிருந்தவனைக் காக்கத் தவறியவனுக்கு அந்த மலைநாட்டில் என்ன செய்வார்கள் என்பதையும் எழுதினேன். அவனை ஊரைவிட்டு விலக்குவதில்லை. விருந்துக்குக் கூப்பிடுவார்கள், உட்கார வைப்பார்கள், எல்லோருக்கும் கொடுப்பதையே அவனுக்கும் கொடுப்பார்கள். ஆனால் கொடுப்பவன் தன் இடது முழங்காலைத் தூக்கி, அதற்கு அடியில் கையை விட்டு நீட்டுவான். சபை பார்க்க அவன் அதை வாங்கிக்கொள்ள வேண்டும். தவறைச் சரிசெய்யும் வரை அப்படித்தான்.

முதல் பிரதியை எடுத்துக்கொண்டு திருமுல்லைவாயிலுக்குப் போனேன். தென்னைகளில் இரண்டு மிஞ்சியிருந்தன. அவனுக்குக் கல்யாணம் ஆகியிருந்தது. தொழிற்பேட்டைப் பக்கம் ஒரு சின்னப் பட்டறையில் டர்னராக இருந்தான். பர்மனென்ட் என்ற பேச்சே அங்கு இல்லை. என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றான். “வா சார், குந்து” என்று நாற்காலி போட்டான்.

புத்தகத்தைக் கொடுத்தேன். அட்டையைத் தடவினான். பின்பக்கம் திருப்பினான். அங்கே ‘தொடர்புக்கு’ என்று போட்டு என் வீட்டு விலாசம் அச்சாகியிருந்தது. அதையே கொஞ்ச நேரம் பார்த்தான்.

“இப்ப உன் அட்ரஸே போட்டுக்கின.”

புத்தகத்தைப் பெஞ்சின்மேல் வைத்தான்.

“படிச்சிட்டு சொல்றேன். அடுத்த ஞாயித்திக்கெயம வா.”

அடுத்த ஞாயிறு போனேன். அவன் மனைவி இரண்டு டம்ளரில் காப்பி கொண்டுவந்தாள். அவன் இரண்டையும் வாங்கினான். ஒன்றைக் கீழே வைத்தான். பெஞ்சில் உட்கார்ந்தபடியே இடது காலைத் தூக்கினான். முழங்காலுக்கு அடியில் கையை விட்டு டம்ளரை என் பக்கம் நீட்டினான்.

அவன் மனைவி பதறிவிட்டாள். “இன்னாயா இது! பெரியவர்க்கு இப்டியா குடுப்ப? புத்தி கித்தி கெட்டுப்போச்சா?”

“நீ சும்மாரு. சார் புக்ல அப்டிதான் போட்டுகீறாரு.” என்னைப் பார்த்தான். சிரிக்கவில்லை. “சரியா கீதா சார்? எடது காலுதான?”

“எடதுதான்” என்றேன். வாங்கிக்கொண்டேன். சூடாக, சர்க்கரை சரியாக இருந்தது. முழுதும் குடித்தேன்.

பிறகு கேட்டேன், நான் என்ன செய்தால் சரியாகும் என்று. செக்யூரிட்டி பிரிவுக்குப் போனதையும், அங்கே டீ கொடுத்து அனுப்பியதையும் சொன்னேன். அவன் டம்ளரைக் கவிழ்த்து வைத்துவிட்டுச் சொன்னான்.

“இப்ப இன்னா சார் பண்ண முடியும்? வயசு தாண்டிச்சு. ஒண்ணியும் பண்ண முடியாது. காப்பி குட்ச்சிட்டுப் போ.”

அந்த வீட்டுக்குப் போவதை நான் நிறுத்தவில்லை. ஓய்வு பெற்ற பிறகு ஞாயிறுதோறும் போனேன். அவனும் வரவேண்டாம் என்று சொல்லவில்லை. மழை, மின்வெட்டு, ஊரில் நாளுக்கு நாள் முளைக்கும் மாடி வீடுகள், அவன் பட்டறை முதலாளி, எல்லாம் பேசுவோம். அந்த நாட்டைப் பற்றிக்கூடக் கேட்பான். பேச்சு நன்றாகப் போய்க்கொண்டிருக்கும். காப்பி வரும். கால் உயரும். அவன் மனைவி முகத்தைத் திருப்பிக்கொண்டு உள்ளே போய்விடுவாள். சில சமயம் பேச்சை நிறுத்தாமலே காலைத் தூக்குவான், ஏதோ விசிறியை எடுத்து நீட்டுவது போல. அதுதான் எனக்கு அதிகம் உறைத்தது. கோபமாகச் செய்தால் தாங்கிக்கொள்ளலாம். ஒரு நாளாவது மறந்துவிட்டுக் கையில் கொடுத்துவிடமாட்டானா என்று ஒவ்வொரு வாரமும் பார்ப்பேன். அவன் மறக்கவில்லை. என் பெயரைச் சொல்ல மாட்டேன் என்று கொடுத்த வாக்கையும் அவன் அப்படித்தான் மறக்காமல் இருந்தான். இத்தனை ஆண்டுகளில் அவன் மனைவிக்குக்கூட அந்தப் பொட்டலங்கள் யாருடையவை என்று சொல்லவில்லை. அதை அவளிடம் சொன்னது நான், வெகு காலம் கழித்து.

தொண்ணூறுகளின் கடைசியில், பாடி ஜங்ஷனில் ஒரு லாரி அவன் சைக்கிளை உரசிவிட்டுப் போனது. இடது முழங்காலில் எலும்பு முறிவு. மாவுக்கட்டோடு பெஞ்சில் காலை நீட்டிப் படுத்திருந்தான். அன்று அவன் மனைவி காப்பியை நேராக என் கையில் கொடுத்தாள். நான் அவனைப் பார்த்தேன்.

“குடி சார். இது கணக்குல வராது. கட்டு பிரிக்கட்டும்.”

கட்டுப் பிரித்த பிறகு போன ஞாயிறு எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. கால் மெலிந்திருந்தது, மடங்கவில்லை. காப்பி வந்தது. டம்ளரைப் பக்கத்தில் வைத்துவிட்டு, தொடைக்கு அடியில் இரண்டு கைகளையும் கொடுத்து அந்தக் காலைத் தூக்கப் பார்த்தான். வலியில் உதடு கோணியது.

“வேண்டாம்பா. இன்னொரு நாள்” என்றேன்.

“இரு, இரு.”

ஒரு கையால் காலைத் தாங்கிக்கொண்டு, மறு கையால் டம்ளரை எடுத்து அடியில் நீட்டினான். முன்போல உயரவில்லை. தரைக்குக் கொஞ்சம் மேலே டம்ளர் நடுங்கிக்கொண்டு நின்றது, காப்பி தளும்பி அவன் விரலில் வழிந்தது. நான் நாற்காலியிலிருந்து எழுந்தேன். எனக்கும் அப்போது முதுகு வளையாது.

“இன்னும் கொஞ்சம் குனிஞ்சிக்க அண்ணாத்தே” என்றான். “கால் வலிக்குது.”

குனிந்து வாங்கிக்கொண்டேன்.